நோயாளி இல்லாத வார்டில் மருத்துவம் கற்க முடியுமா?

வைகைக்கரையான்:

நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இந்தக் களத்தில் பல இழைகளாக ஓடிவிட்டது. அதை மீண்டும் தொடங்குவது என் நோக்கம் அல்ல. கல்லூரிக்குள் யார் நுழைகிறார்கள் என்பதில் நாம் காட்டும் அக்கறையில் கால்பங்குகூட, நுழைந்தவர் ஐந்தரை ஆண்டுகள் கழித்து என்ன தெரிந்துகொண்டு வெளியே வருகிறார் என்பதில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். அரசுக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையில் நடந்திருப்பது சிறிய காரியம் அல்ல. 2014இல் நாடு முழுவதும் 387 மருத்துவக் கல்லூரிகளும் 51,348 எம்.பி.பி.எஸ். இடங்களும் இருந்தன. 2024-25இல் கல்லூரிகள் 780 ஆகிவிட்டன. இடங்கள் 1 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பணம் இருந்தால் கட்டடங்களைப் பத்தாண்டில் இருமடங்காக்கலாம். ஆசிரியர்களை அப்படிப் பெருக்க முடியாது; பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்து, சீனியர் ரெசிடெண்டாக இருந்து, உதவிப் பேராசிரியராக வகுப்பில் வந்து நிற்பதற்கே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடிக்கின்றன.

தரம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு தருகிறேன். வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும்போது, கையை வலது அடிவயிற்றில் தொடங்கி, நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இடது விலா எலும்பை நோக்கி நகர்த்த வேண்டும் என்று எல்லாப் பாடநூல்களிலும் எழுதியிருக்கிறது. ஆனாலும் முதல்முறை தொடும் மாணவர் பெரும்பாலும் இடது விலாவுக்குக் கீழேயே கையை வைத்துவிடுவார். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வளர்ந்திருந்தால் அதன் விளிம்பு அவர் கை வைத்த இடத்தைத் தாண்டிக் கீழே போயிருக்கும் என்பதால், ஒன்றும் தட்டுப்படவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பார். பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்று அந்தக் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பிழை மீண்டும் வராது. இதற்கு ஒரு நோயாளி வேண்டும், ஓர் ஆசிரியர் வேண்டும், அவர்கள் இருவரோடும் செலவிட மாணவருக்குப் பத்து நிமிடம் வேண்டும். இந்த மூன்றும் எத்தனை கல்லூரிகளில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

விதிகள் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரிகளைக் கண்காணிக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டுக்கு 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியின் மருத்துவமனையில் 605 படுக்கைகள் இருக்க வேண்டும். அவற்றில் 80 விழுக்காடு நிரம்பியிருக்கவும் வேண்டும். காகிதத்தில் அவை நிரம்பித்தான் இருக்கின்றன.

ஒரு தகப்பன்:

ஐயா, தக்க நேரத்தில் இந்த இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். என் மகளுக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால், புதிதாகத் தொடங்கப்பட்ட மாவட்ட அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்கிறார்கள். உறவினர்களோ, புதிய கல்லூரியில் ஒன்றும் இருக்காது, நிலத்தை விற்றாவது பெயர் பெற்ற தனியார் கல்லூரியில் நிர்வாக இடத்தில் சேர்த்துவிடு என்று வற்புறுத்துகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு வழி என்ன? இணையதளங்களில் எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் தெரிகிறது.

இரவுப்பணி:

நான் தனியார் கல்லூரி ஒன்றில் படித்து, பயிற்சி ஆண்டை முடித்து, இப்போது வேறோர் ஊரில் பணியில் இருக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பேராசிரியர் ஐயா காகிதம் என்று நாகரிகமாகச் சொன்னதை நான் பார்த்தபடியே எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்ற செய்தி பரவிய மறுநாள் காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கல்லூரிப் பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஆளுக்கொரு படுக்கை, மதியச் சாப்பாடு, மாலையில் ஒரு தொகை. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவர்களுக்குக் கேஸ் ஷீட் எழுதுவது. வயிற்றுவலி என்று எழுதப்பட்ட ஒரு பெரியவர், தமக்கு எந்தப் பக்கம் வலிப்பதாகச் சொல்ல வேண்டும் என்று என்னிடமே கேட்டுக்கொண்டார். அதுவரை நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத பேராசிரியர்கள் சிலரும் அன்று வெள்ளைக் கோட்டு அணிந்து துறைத்தலைவருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு பயிற்சி ஆண்டில் நேர்ந்தது. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் அந்த ஓராண்டுதான் கை பழகும் காலம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கல்லூரியிலோ லேபர் வார்டுக்கு வரும் பெண்களே குறைவு. வருபவர்களும் கட்டணம் செலுத்துபவர்கள் என்பதால் மாணவர்கள் தொடக்கூடாது என்று உறவினர்கள் சொல்லிவிடுவார்கள். அதையும் மீறி அமைகிற பிரசவங்களை முதுநிலை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு மிஞ்சியது டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதும், ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதும்தான். மதியத்துக்கு மேல் நூலகத்துக்குப் போய், முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குப் படியுங்கள் என்று யூனிட் சீஃப் அனுப்பிவைக்கும்போது அதை ஓர் உபகாரமாகவே எண்ணி நாங்களும் மகிழ்ச்சியோடு கிளம்பிவிடுவோம். ஒரு பிரசவத்தைக்கூடத் தனியாகப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு.

மேட்டூர்க்காரன்:

பேராசிரியர் ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளிக்கிறேன். ஆனால் இந்த விவாதம் எப்போதும், இடங்களைக் குறையுங்கள், புதிய கல்லூரி வேண்டாம் என்ற முடிவில்தான் போய் நிற்கிறது என்பதால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய 11 இடங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரத்தில் மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டவரை மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் இழந்த குடும்பங்களைக் கேட்டால், கல்லூரி வந்ததால் அந்த மாவட்டத்துக்கு என்ன கிடைத்தது என்று சொல்வார்கள். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக உயரும்போது சிறப்பு மருத்துவர்களும் இரவுநேர மயக்க மருந்து வசதியும் ரத்த வங்கியும் சேர்ந்தே வருகின்றன. 2023 ஆகஸ்டில் பத்து லட்சம் மக்களுக்கு 100 இடங்கள் போதும் என்று ஆணையம் விதி கொண்டுவந்தபோது தமிழ்நாடு எதிர்த்தது சரியே. பிறகு அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

எந்தக் கல்லூரியும் பிறக்கும்போதே பெயரோடு பிறப்பதில்லை. இன்று சி.எம்.சி. என்று பெயர் பெற்றிருக்கும் வேலூர் கல்லூரியையே பாருங்கள். அங்கே மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.பி. படிப்போடுதான் தொடங்கியது, எம்.பி.பி.எஸ். 1942இல்தான் வந்தது. எல்.எம்.பி. என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரே தரத்தில் ஒரே பட்டம்தான் இருக்க வேண்டும் என்று 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு பரிந்துரைத்தபின் அந்தப் படிப்பு ஒழிந்தது. ஊருக்கு ஊர் இருந்த எல்.எம்.பி. டாக்டர்களின் இடம் பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தது. தரத்தின் பெயரால் எண்ணிக்கையைச் சுருக்கியதற்கு விலை கொடுத்தவர்கள் கிராமத்து மக்களே.

வைகைக்கரையான்:

மேட்டூர்க்காரன் அவர்களுக்கு. மாவட்டக் கல்லூரிகள் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. நோயாளிகள் விஷயத்தில் அவைதான் தனியார் கல்லூரிகளைவிட மேலானவை. கள்ளக்குறிச்சியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓ.பி. வரிசைக்கு ஆள் பிடித்துவர வேண்டிய தேவை இல்லை. அங்கே குறை ஆசிரியர்களில் இருக்கிறது. 2025இல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஆசிரியர் பற்றாக்குறையையும் வருகைப்பதிவுக் குறைவையும் சுட்டிக்காட்டி ஆணையம் விளக்கம் கேட்டது. பதினோரு கல்லூரிகளை ஒரே நாளில் திறந்த அரசு, அவற்றுக்கு வேண்டிய பேராசிரியர்களை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்கவில்லை. பழைய கல்லூரிகளிலிருந்து மாற்றுப்பணியில் எடுத்து அனுப்பியது. மதுரையில் ஒரு யூனிட்டில் நான்கு பேர் கற்பித்த இடத்தில் இருவர் ஆனார்கள். புதிய ஊருக்குப் போனவர் குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் பேருந்து ஏறினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பிள்ளைகளின் பள்ளியும் மனைவியின் வேலையும் மாற்றுப்பணி ஆணையோடு சேர்ந்து இடம் மாறுவதில்லை.

என் காலம் பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. நோயாளியின் சம்மதத்தைக் கேட்காமலேயே முப்பது மாணவர்கள் ஒரு கிழவியின் வயிற்றை மாறி மாறி அமுக்கிப் பார்த்த காலம் அது. இரவுப்பணி அவர்களின் கல்லூரியில் நோயாளியின் உறவினர்கள் மறுத்தார்கள் என்றால், அந்த மறுப்புக்குள் நியாயமும் இருக்கிறது. ஏழைகளின் உடம்பில் கற்றுக்கொண்டு, வசதி உள்ளவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது இந்தப் படிப்பின் அடியில் கிடக்கும் ஒரு பழைய கணக்கு.

ஆரம்பசுகாதாரம்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். இந்த விவாதத்தின் விளைவு கடைசியில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறது என்பதால் ஒரு நிகழ்வை எழுதுகிறேன்.

புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் இருந்தபோது, வயலில் காலில் கடிபட்ட ஒருவரை இரவில் கொண்டுவந்தார்கள். கண்ணாடி விரியனாக இருக்கலாம் என்பது ஊராரின் ஊகம். இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். உடனே பத்துக் குப்பி நஞ்சுமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். மருந்துக்கே ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால் அட்ரினலினைப் பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். இவை அனைத்தும் அந்த இளைஞருக்கு மனப்பாடமாகத் தெரியும்; நஞ்சுமுறிவு மருந்துக்கான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுப்பது வரை சொன்னார். ஆனால் கைக்கு அகப்பட்ட பிளாஸ்டிக் குழாயில் ரத்தத்தை எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கில் வரும் முடிவை நம்ப முடியாது. ஆட்டினாலும் முடிவு கெட்டுவிடும். எங்கள் செவிலியர் அக்கா ஒன்றும் பேசாமல் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து வைத்து, மறுபடியும் ரத்தம் எடுத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார்.

அந்த இளைஞர் அறிவில் குறைந்தவர் அல்லர். இருநூறு கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற நீட் பி.ஜி. தேர்வுக்காக அவரது பயிற்சி ஆண்டு முழுவதும் செலவாகியிருக்கிறது. அந்தத் தேர்வும் தரத்தைக் காக்கிறதா என்றால், 2023இல் முதுநிலை இடங்கள் காலியாகக் கிடந்தபோது தகுதி மதிப்பெண்ணின் பெர்சண்டைலைப் பூஜ்ஜியமாகவே குறைத்துவிட்டார்கள். தேர்வு எழுதியிருந்தாலே போதும், கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது.

மேட்டூர்க்காரன்:

ஆரம்பசுகாதாரம் அவர்கள் சொன்னது என் வாதத்துக்கும் பொருந்தும். குறை பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் 2019இல் பழைய 1997ஆம் ஆண்டு விதிகளை மாற்றி, திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திக்க வேண்டும், எந்தெந்தத் திறனைச் செய்து காட்டினார் என்று லாக் புக்கில் ஆசிரியர் கையொப்பம் இட வேண்டும், நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதும் பாடமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நோயாளியிடம் பேசுவதைப் பாடமாக்கியதை நான் பெரிய முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

சாக்பீஸ்:

தற்போது ஒரு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்திட்டம் நல்லதுதான். சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும்படி அது சொல்கிறது. 150 மாணவர்களைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தால் பத்துக் குழுக்கள் ஆகின்றன. எங்கள் துறையில் கற்பிக்கக் கிடைப்பவர்கள் அதில் பாதிப் பேர்கூட இல்லை. ஆகவே சிறுகுழு வகுப்பு பெரிய அரங்கில் ஒலிபெருக்கியோடு நடக்கிறது. லாக் புக் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மூட்டையாக வருகிறது. நானும் உட்கார்ந்து கையொப்பம் இடுகிறேன். இடாவிட்டால் மாணவர்தான் தேர்வு எழுத முடியாமல் போவார்.

வெளிநாட்டுப்பட்டம்:

நீங்கள் அனைவரும் உள்நாட்டுக் கல்லூரிகளைப் பற்றியே பேசுவதால் இரண்டு வரி. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனோம். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்தால்தான் எங்களுக்கு இங்கே பதிவு. பெரும்பாலோர் முதல்முறை தோற்கிறார்கள், அதை வைத்து எங்கள் படிப்பே போலி என்பது போல் எல்லோரும் பேசுகிறார்கள். இரவுப்பணி அவர்களின் வகுப்புத் தோழர்கள் அதே தேர்வை எழுதியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லையே!

வைகைக்கரையான்:

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விடை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 15ஆம் பிரிவில் 'நெக்ஸ்ட்' என்ற பொதுவான வெளியேறும் தேர்வைச் சொல்கிறது. உள்நாட்டில் படித்தவர், வெளிநாட்டில் படித்தவர் எல்லோருக்கும் அந்த ஒரே தேர்வு. மூன்றாண்டுக்குள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய அது தள்ளித் தள்ளிப் போடப்படுகிறது. மாணவர்களும் எதிர்க்கிறார்கள், தமிழ்நாடு அரசும் எதிர்க்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பறிபோகிறது என்ற அரசின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் தயக்கம் வேறு. அதுவும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாகவே அமைந்தால், ஐந்தாம் ஆண்டு மட்டும் பயிற்சி மையத்துக்குப் பறிபோகும் இப்போதைய நிலை மாறி, ஐந்தாண்டும் சேர்ந்தே பறிபோகும்.

கண்காணிப்பின் வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை. 1934இல் தொடங்கிய இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே 2010இல் சிபிஐ கைது செய்ய, நிர்வாகம் ஓர் ஆளுநர் குழுவிடம் போனது. 2016இல் நாடாளுமன்ற நிலைக்குழு கவுன்சிலைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்தது. 2020 செப்டம்பரில் கவுன்சில் போய் ஆணையம் வந்தது. ஆசிரியர்களின் வருகைக்குக் கைரேகைப் பதிவு வந்தது, பிறகு முக அடையாளப் பதிவும் வந்தது. 2025இல் சிபிஐ பதிந்த வழக்கில் அதிகாரிகள், ஆய்வுக்குச் சென்ற பேராசிரியர்கள், கல்லூரி நிர்வாகிகள் என முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. ஆய்வுத் தேதி முன்கூட்டியே கசிந்தது, போலி ஆசிரியர்களும் போலி நோயாளிகளும் காட்டப்பட்டார்கள் என்பன குற்றச்சாட்டுகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் நேரில் போய்ப் பார்த்து 1910இல் அறிக்கை எழுதினார். மருத்துவரே அல்லாத அவர், ஆய்வகத்தைப் பூட்டி வைத்திருந்தால் பூட்டியிருந்தது என்று எழுதினார், கல்லூரியின் பெயரைப் போட்டே எழுதினார். அவற்றில் பல பின்னர் மூடப்பட்டன. நமது ஆய்வறிக்கைகள் ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் முழுமையாகப் பொதுவெளிக்கு வந்தால், இந்தத் தகப்பனார் இங்கே வந்து நம்மிடம் கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவருக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். நிலத்தை விற்க வேண்டாம். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு சாதாரண வேலைநாளில், யாரிடமும் சொல்லாமல், நோயாளியோடு வந்தவர் போலப் போங்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மாலை ஏழு மணிக்கு மருத்துவ வார்டுக்குப் போய், படுக்கைகளில் இருப்பவர்கள் நோயாளிகளா, இல்லை படுக்கை விரிப்புகள் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றனவா என்று பாருங்கள். முதல்வரிடமோ மக்கள் தொடர்பு அலுவலரிடமோ எதையும் கேட்க வேண்டாம். தேநீர்க் கடையில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன்களிடம், கடைசியாக எந்த ஆசிரியர் உங்களோடு நின்று ஒரு நோயாளியைப் பார்த்தார், அது எப்போது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் யோசித்தால் அதுவே பதில். மாவட்டக் கல்லூரியானால் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம் ஆகிய நான்கு துறைகளின் தலைவர்களும் அதே ஊரில் குடியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான்கில் மூவர் இருந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு மகளைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு தகப்பன்:

மிக்க நன்றி ஐயா. வரும் வாரத்தில் இரண்டு இடத்துக்கும் போகிறோம். மகளையும் அழைத்துக்கொண்டு போவதா, நான் மட்டும் போவதா என்று யோசிக்கிறேன்.

ஆரம்பசுகாதாரம்:

மகளை அழைத்துப் போங்கள், படிக்கப் போவது அவர்தானே. பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி ஆண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வாரங்களில் மாணவர்களை உண்மையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கவைக்கிறார்களா, இல்லை கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். எங்கள் நிலையத்துக்கு அனுப்பப்படுவதாகப் பட்டியலில் பெயர் இருக்கும்; வந்து நிற்பவர்கள் அதில் பாதிகூட இருக்கமாட்டார்கள்.

இரவுப்பணி:

லேபர் வார்டையும் கேட்டுவிடுங்கள், அப்பா. இரவு பத்து மணிக்குமேல் அங்கே பிரசவம் பார்ப்பது யார், ஹவுஸ் சர்ஜனைத் தொட விடுகிறார்களா என்று. இதைக் கல்லூரியில் கேட்டால் சரியான பதில் வராது. அங்கே இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் கேளுங்கள்.